குழி ராக்

ஜோயல் இதுவரை மூன்று இசை வகைகளைக் கண்டுபிடித்திருக்கிறான். மூன்றையும் அவனுக்கு முன்னாலேயே யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுதான் ஒரே குறை.

முதலாவது அலை ராக். திருவிடந்தைக் கடற்கரையில் மைக்கை நட்டுவைத்து, அலையையே தாளமாக்கிப் பதினேழு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு. பதிவில் அலை விழவில்லை. காற்றும், வலை இழுத்தவர்கள் இவனைப் பற்றிப் பேசிக்கொண்டதும்தான் விழுந்திருந்தன. இரண்டாவது உளி ராக். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தின் வாசலில் ஹெட்போனோடு நான்கு நாள் உட்கார்ந்தான். நான்காம் நாள் அவர்கள் இவனை டீ வாங்கிவர அனுப்பினார்கள். மூன்றாவதைப் பற்றி அவனே பேசமாட்டான். அதில் புல்லாங்குழலும் பிரஷர் குக்கரும் வரும் என்பதோடு விட்டுவிடலாம்.

ஒவ்வொரு முறையும் ரோஹித் போனை எடுத்து ஐந்து நிமிஷம் தேடுவான்.

"ஸ்வீடன்ல ஒருத்தன். எழுபத்து நாலுலயே வாசிச்சுட்டான். தாடிகூட உன்ன மாதிரியேதான் மச்சான்."

ரோஹித் டிரம்ஸ் வாசிப்பவன். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், அப்பா அணு ஆராய்ச்சியில் இருந்தவர், ஆகவே ஆதாரம் இல்லாமல் எதையும் ஒத்துக்கொள்ளமாட்டான். இப்போது சிறுசேரியில் ஐ.டி. வேலை. பேண்டில் மிச்சம் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். பேஸ் கிடார் வாசித்தவன் கல்யாணம் செய்துகொண்டான். பாடியவன், தன் முதல் வரி பன்னிரண்டாவது நிமிஷத்தில்தான் வருகிறது என்று தெரிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான்.

நான்காவது யோசனை கம்பெனி பஸ்ஸில் வந்தது. ஜோயலுக்கு மறைமலைநகரில் வேலை. பிரேக் பாகங்களின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை ஓரமாக எடுத்துவைக்க வேண்டும். செங்கல்பட்டிலிருந்து வரும் பஸ் ஒருநாள் கம்பெனி வாசலுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு குழியில் இறங்கியது. நாற்பது பேரும் ஒரே சமயத்தில் சீட்டைவிட்டு எழும்பி உட்கார்ந்தார்கள். மற்ற முப்பத்தொன்பது பேர் டிரைவரைத் திட்டினார்கள். ஜோயலுக்கு மட்டும் ஞானம் பிறந்தது.

அன்று சாயங்காலமே மாமல்லபுரத்துக்கு ஓடினான். அங்கே அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடும் கடையின் மாடியில்தான் இவர்கள் பயிற்சி செய்வது.

"எட்டுத் தட்டுல கடைசி தட்ட உருவிடணும்டா. ஏழு தட்டுனதும் வுடாம அடுத்த சுத்து. கேக்கறவன் எட்டாவதுக்குக் கால வெப்பான், தரையே இருக்காது. தொபுக்குனு வுழுவான். குழி ராக்."

"ஏழுல வாசிக்கிறது எங்க தாத்தா காலத்துலயே உண்டு."

"ஏழு பழசுடா. குழி புதுசு."

ரோஹித் தேடுவதற்குப் போனை எடுக்கவில்லை. அதுவே சரியில்லை என்று ஜோயலுக்குப் பட்டது.

"மச்சான், ஆபீஸ்ல புனே போகச் சொல்றாங்க. முப்பதாம் தேதிக்குள்ள பதில் சொல்லணும்."

"புனேல இன்னா கீது?"

"எல்லாம் இருக்கு. நீயும் டிரம்ஸும்தான் இல்ல."

கீழே யாரோ பலகையை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. ரோஹித் போய்விட்டால் தான் என்ன ஆவோம் என்று ஜோயலுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிரேக் பாகங்களை அளக்கும்போது வாயில் ஏதோ முணுமுணுக்கிற ஆள் ஆவான். அவனுடைய பிரிவில் ஏற்கெனவே அப்படி ஒருவர் இருந்தார்.

"அப்ப நம்ம ஜானரு?"

"ஒருத்தன் வாசிச்சா அது பாட்டு. நீ சொல்லிக்குடுக்காம, நீ கெஞ்சாம, ரெண்டாவது ஆளு அதே மாதிரி வேற பாட்டு போட்டாதான் ஜானர். அப்படி ஒரே ஒரு ஆள காட்டு. புனே வேணாம்னு எழுதிடறேன்."

ஆக இருபத்திரண்டு நாள். செங்கல்பட்டில் கல்யாண ரிசப்ஷன்களுக்கு வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் ஒருவரைப் பிடித்து ஜோயல் வாசித்துக்காட்டினான். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாகீது தம்பி. ஆனா மாப்ள ஆடுவாரு, வுழுந்துட்டாருன்னா?" என்றார். வீழ்வதுதான் நோக்கம் என்று விளக்கப் போனவனை அவருடைய மனைவி வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

மிச்சம் இருந்தது சபைதான். மறைமலைநகர் ஜெப வீட்டில் ஞாயிறுதோறும் கீபோர்டு அவன்தான். ஆண்டு விழாவுக்குப் புதுப் பாட்டு ஒன்று வேண்டும் என்று பாஸ்டர் ஜெரோம் கேட்டிருந்தார். அக்கம்பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஜோயல் ஏழில் போட்டான். பாடகர் குழுவை நடத்தும் அவன் அக்கா ரூத் பயிற்சியிலேயே நிறுத்தினாள்.

"டேய், ஒரு தட்டு கம்மியா கீது."

"அதான் மேட்டரே."

"ஜனங்க கை தட்டுவாங்கடா. நீ வாசிக்கிறத உக்காந்து எண்ணுவாங்களா?"

எண்ணுவார்கள் என்றுதான் ஜோயல் நம்பினான். விழா அன்று ரோஹித்தையும் சாட்சிக்குக் கூட்டிவந்து கடைசி வரிசையில் உட்கார வைத்தான்.

முதல் சுற்றில் இருநூறு பேருடைய கைதட்டல் இருநூறு திசையில் சிதறியது. ஜோயலுக்குப் புல்லரித்தது. இதோ விழுகிறார்கள். இரண்டாவது சுற்றில் சிலர் கையை நிறுத்திவிட்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மூன்றாவது சுற்றில், ஏழு முடிந்த இடத்தில், பெண்கள் பக்கமிருந்து காசியம்மாள் அக்கா கணீரென்று ஒரு "தோத்ரம்" போட்டாள். மீன் ஏலத்தில் பழகிய குரல். அடுத்த சுற்றில் அந்த வரிசை முழுக்கப் போட்டது. அதற்கடுத்த சுற்றில் கூடமே போட்டது. ஏழு தட்டு, ஒரு தோத்ரம். ஏழு தட்டு, ஒரு தோத்ரம்.

குழியை மண் போட்டு மூடிவிட்டார்கள்.

தப்பிக்க ஜோயல் வேகத்தைக் கூட்டினான். கூடவே ஓடிவந்தார்கள். ஏழை ஐந்தாகக் குறைத்தான். "தோத்ரம், தோத்ரம், அல்லேலூயா" என்று மூன்றையும் நிரப்பினார்கள். இருநூறு பேர் எட்டில் நிற்கும்போது ஒரு கீபோர்டு ஏழில் எவ்வளவு நேரம் ஓடமுடியும்? வேர்த்துக் கொட்டிக்கொண்டு அவனும் எட்டுக்கே வந்து சேர்ந்தான். பாட்டை நான்கு தடவை பாட வைத்தார்கள். பாஸ்டர் ஜெரோம் கண் கலங்கி அவன் தலையில் கை வைத்தார்.

வாசலில் ரோஹித் செருப்பை மாட்டிக்கொண்டே, "எட்டு, மச்சான்" என்றான்.

அதன் பிறகு ஜோயல் மாமல்லபுரம் பக்கம் போகவில்லை. இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் தட்டுப் பக்கத்தில் ரூத் போனை வைத்தாள்.

"அச்சரப்பாக்கத்துல இன்னா வாசிச்சுகினு கீறாங்க பாரு."

ஒரு சின்னச் சபை. வேறு மெட்டு, வேறு வரிகள். ஏழு தட்டுக்கு வாத்தியம் முழங்குகிறது, எட்டாவதில் சட்டென்று எல்லாம் அடங்குகிறது, அந்த மௌனத்துக்குள் ஜனங்கள் "தோத்ரம்" என்கிறார்கள். ஜோயல் சோற்றுக் கையோடு எழுந்தான்.

"என் குழிய திருடிட்டாங்க."

அவன் போன் போட்ட ஒரு மணி நேரத்தில் ரோஹித் பைக்கோடு வந்தான். மதுராந்தகம் தாண்டும்வரை பின்னால் உட்கார்ந்து ஜோயல் பொருமிக்கொண்டே வந்தான்.

"நீ சண்டைக்கு வர்றியா, சாட்சிக்கு வர்றியா? ஒண்ண முடிவு பண்ணு" என்றான் ரோஹித்.

"மொதல்ல சண்ட."

அச்சரப்பாக்கம் சபையில் நான்கு பெண்கள் மறுநாள் பாட்டுக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள். கீபோர்டில் ஜெனிஃபர் என்ற ஸ்கூல் டீச்சர். சண்டைக்கு வந்தவர்கள் என்று தெரியாமல் இருவருக்கும் நாற்காலி போட்டாள்.

"இந்த மெட்டு ஏதுங்க?" என்றான் ஜோயல், முடிந்த அளவு கடுமையாக.

"இதுவா? மறைமலைநகர் மெட்டு. நாங்க வச்ச பேருதான். இதுல நாலு பாட்டு போட்டுட்டோம். மதுராந்தகத்துலேந்துகூட வந்து கத்துக்கினு போனாங்க."

ரோஹித் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"யாரு கண்டுபுடிச்சது?"

"யாருங்க கண்டுபுடிச்சாங்க? அங்க ஆண்டு விழாவுக்குப் போயிருந்தோம். கீபோர்டு தம்பி தாளத்த வுட்டுட்டாப்ல. பாவம், வேர்த்து ஊத்தறது அவ்ளோ தூரத்துல உக்காந்த எங்களுக்கே தெரியுது. ஜனங்கதான் தோத்ரம் போட்டுத் தூக்கி நிறுத்தினாங்க. கேக்க நல்லா இருந்துச்சு. அப்டியே வச்சிக்கினோம்."

ஜோயல் தரையைப் பார்த்தான். வேண்டுமென்றே ஏழில் வாசித்தேன் என்று சொன்னால் மானம் தப்பும். ஆனால் இவர்கள் வாசிப்பது எட்டு. அப்படியானால் அவன் வகையை உலகத்தில் யாருமே வாசிக்கவில்லை என்றாகும், ரோஹித் புனே போவான். இது என்னுடையது என்று சொன்னால், தாளத்தை விட்ட அந்தப் பாவப்பட்ட தம்பி அவனேதான்.

"அந்தத் தம்பி நான்தாங்க" என்றான். "தாளத்த வுட்டது நான்தான்."

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெனிஃபருக்குக் கூச்சமாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க. வாங்க, நீங்களே ஒரு தடவ வாசிங்க" என்று எழுந்து இடம் கொடுத்தாள்.

வாசித்தான். ஏழு முடிந்ததும் பழக்கதோஷத்தில் கை அடுத்த சுற்றுக்குப் பாய்ந்தது. நான்கு பெண்களின் "தோத்ரம்" அவன் சுரத்தில் மோதி நொறுங்கியது. மறுபடி வாசித்தான். மறுபடியும் அதேதான்.

"நாங்க வர்றதுக்குள்ள ஓடிட்றீங்க" என்றாள் ஜெனிஃபர், ஆறாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளையிடம் பேசுகிற பொறுமையோடு. "ஒரு தட்டு எங்களுக்கு எடம் வுடுங்க. பழகணும், வந்துடும்."

ரோஹித் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா எழுதற?"

"புனே வேணாம்னு. சொன்னா சொன்னதுதான். உன்னத் தவிர எல்லாரும் வாசிக்கிறாங்க."

ஜோயல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். ஏழு வாசித்தான். பல்லைக் கடித்துக் கையைத் தூக்கிப் பிடித்தான். பெண்கள் "தோத்ரம்" என்று முடித்துவிட்டு அவனைப் பார்த்தார்கள். இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தான். பிறகு இறக்கினான்.

"ஒம்பது" என்றான் ரோஹித், போனிலிருந்து தலையை எடுக்காமல்.