மூன்றாவது பல்

இறக்கத்தில் கெலேராவின் இடது மணிக்கட்டு வலித்தது. எலும்பு கூடி ஒன்றரை வருடமாகியும் அந்தக் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்க வராது. அதனால் பின்சக்கர பிரேக்கை வலது கைப்பக்கம் மாற்றி வைத்து, அதை நம்பித்தான் மலையிறங்குவாள். வழிகாட்டியான அவளுக்குப் பின்னால் ஆறு பேர், ஆறு சைக்கிள், தலை முதல் கால் வரை சேறு. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆசைப்பட்டு வந்து ஃபிஜி மலைக்காட்டில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். ஐந்து நாள் பயணத்தில் அன்று மூன்றாம் நாள்.

மதியச் சாப்பாடு நசோலோவில். அது அவள் அம்மா பிறந்த ஊர். வழக்கமான பாதையில் அந்த ஊர் வராது. போன வாரம் அந்த ஊர்த் தலைவரான தாய்மாமன் நெமானி, அவள் வேலை பார்க்கும் சைக்கிள் சுற்றுலா அலுவலகத்துக்குத் தானே போன் செய்து, "வியாழக்கிழமை எங்க ஊர்ல சாப்பாடு. என் மருமகளே கூட்டிட்டு வரட்டும்" என்றாராம். ஊர்த் தலைவரே அழைத்தால் முதலாளி விடுவாரா? கெலேராவுக்கும் தலைகால் புரியவில்லை. சைக்கிள் ஓட்டிப் பிழைக்கிற பெண்ணை ஒருவழியாக மாமா மதித்துவிட்டார் என்று நினைத்தாள். பாவம், அவள் கண்ணில் பட்டது புழு மட்டும்தான், தூண்டில் படவில்லை.

ஊர் எல்லையில் ஒரு நீல லாரி நின்றது. அதன் கதவில் பெயிண்ட் உரிந்த இடம் வரைக்கும் அவளுக்குத் தெரியும். புருஷன் ஊர் லாரி.

சட்டென்று பிரேக் போட்டாள். பின்னால் வந்த மரே மோதப் பார்த்தார். கீலாங் நகரத்தில் முப்பது வருடம் பல் பிடுங்கிவிட்டு ஓய்வு பெற்ற டாக்டர்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல டாக்டர். எல்லாரும் தொப்பியக் கழட்டுங்க, இடுப்புல துணியச் சுத்திக்குங்க. இனிமே சைக்கிளத் தள்ளிட்டுத்தான் போகணும்."

திரும்பிவிடலாமென்றால், காலையில் முழங்காலளவில் கடந்த ஆறு, அப்புறம் பெய்த மழைக்கு இந்நேரம் மார்பளவு ஏறியிருக்கும். ஊரைச் சுற்றிக்கொண்டு போக ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வழி இருந்தாலும், கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைத் தலைவர் முன்னால் வைக்காமல் ஊரைத் தாண்டினால் ஏழு தலைமுறைக்கும் பேச்சு. முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும்.

"கோழியையெல்லாம் கூடையப் போட்டு மூடுங்கடி! நாத்தனார் மக வந்துட்டா, இனி இந்த வீட்டுல ஒண்ணும் மிஞ்சாது!" என்று சமையற்கட்டு வாசலிலிருந்து மாமாவின் மனைவி தொரிகா அத்தை கத்தினாள். அங்கே அப்படித்தான். மாமன் வீட்டில் சகோதரி பிள்ளை கேட்டு வாங்குவதில்லை, எடுத்துக்கொள்ளும். பன்றியோ படகோ, மாமன் வாய் திறக்கக் கூடாது.

கெலேரா சிரிக்கவில்லை. "அத்தை, அந்த லாரி..."

அத்தையின் குரல் இறங்கிவிட்டது. "சத்தியமா எனக்கே காலையிலதான்டி தெரியும். உள்ள போ. குனிஞ்சு போ."

விருந்தாளிக் கூட்டத்துக்கு ஒரு தலைவர் வேண்டுமே என்று வயதில் மூத்த மரேயை ஆக்கி வைத்திருந்தார்கள். ஊர்க் கூடத்தில் அவர் வேர்க்கட்டை இரண்டு கையாலும் நீட்ட, மாமா வாங்கிக் கை தட்ட, யங்கோனா கரைத்து ஒரு சுற்று வந்தது. மரேவுக்கு நாக்கு மரத்துப்போய் ஒரே சந்தோஷம். மொழிபெயர்க்க அவர் பக்கத்திலேயே கெலேரா உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எதிர்ப்பாயிலிருந்து ஒரு பெரியவர் முழங்காலால் நகர்ந்து முன்னால் வந்தார். புருஷன் பவுலியாசியின் பெரியப்பா. பின்னால் பவுலியாசி, இஸ்திரி போட்ட சட்டையும் குனிந்த தலையுமாக, பால் குடிக்கத் தெரியாத பூனை போல. பெரியவர் கையில் கயிறு கோத்த திமிங்கலப் பல்.

"இது நமக்கா?" என்று மரே கிசுகிசுத்தார்.

"இல்ல டாக்டர். எனக்கு."

"அடடா, சொத்தையே இல்லாத பல்லு!"

அவன் அவள் உதட்டைக் கிழித்தபோது முதல் பல் வந்தது. மாமா வாங்கினார், அவள் திரும்பிப் போனாள். மணிக்கட்டை முறித்தபோது இரண்டாவது வந்தது. மாமா வாங்கினார், அவள் திரும்பிப் போனாள். மூன்றாம் முறை அவள் பல்லுக்குக் காத்திருக்காமல் ஒரே ஒரு பையோடு பஸ் ஏறிவிட்டாள். இப்போது அது அவளைத் தேடி வந்திருக்கிறது. பல்லை வாங்கி நாலு வார்த்தை சொல்லிவிட்டால் கோபம் புதைந்துபோயிற்று என்று அர்த்தம். அதற்கப்புறம் பெண் வாய் திறந்தால் அவள்தான் குற்றவாளி. சாயங்காலம் லாரியில் ஏற வேண்டியதுதான்.

எழுந்து ஓடவும் முடியாது. தலைவர்கள் அமர்ந்திருக்கும் கூடத்தில் யாரும் நிமிர்ந்து நிற்கக் கூடாது.

"எங்க பையன் தப்புப் பண்ணிட்டான்," என்றார் பெரியவர். "இந்தப் பல்லு அத மூடட்டும். எங்க வீட்டுப் பொண்ணக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்."

"மாமா, வேண்டாம்," என்றாள் கெலேரா மெதுவாக.

மாமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊரறியக் கொண்டாந்தத எப்படிம்மா வாங்காம இருக்கறது? போய் ஒழுங்காப் பொழைக்கிற வழியப் பாரு."

கை நீட்டி வாங்கிக்கொண்டார். முறைப்படி முகர்ந்தார். அந்த நாலு வார்த்தையைப் பேசுவதற்காகத் தொண்டையைச் செருமினார்.

வாங்கியாயிற்று. இனி அது மாமாவின் பொருள். மாமாவின் பொருள் என்று மனசுக்குள் ஓடிய அதே நொடியில் கெலேரா குனிந்தபடி நகர்ந்து அவர் கையிலிருந்த பல்லைப் பற்றினாள். அவர் விரல்கள் ஒரு கணம் இறுகின. பிறகு விட்டுவிட்டன.

"என்ன கூத்து இது!" என்றார் பெரியவர்.

"மாமன் கையில இருக்கறத மருமக எடுக்கறா," என்று வாசலிலிருந்து தொரிகா அத்தையின் குரல் வந்தது. "உங்க ஊர்ல எடுக்க மாட்டாங்களோ?"

கெலேரா முழங்காலிலேயே எதிர்ப்பாய் வரை போனாள். ஒரு கைக்கு அந்தக் கனம் தாங்கவில்லை. இரண்டு கையாலும் பல்லைப் பெரியவர் முன்னால் வைத்தாள். "எடுத்துட்டுப் போங்க ஐயா. நான் வரல."

பவுலியாசி அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம், அதற்கடுத்து வருவது அடி. ஆனால் எழக் கூடாத கூடத்தில் அவனும்தான் எழக் கூடாது. கையைத் தொடையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சாப்பாட்டப் போடுங்க," என்றார் மாமா கடைசியில், எங்கோ பார்த்துக்கொண்டு. "விருந்தாளிங்க பசியோட இருக்காங்க."

போட்ட சாப்பாட்டை விட்டு எழுந்து போவது எந்தக் கட்சிக்கும் முறையில்லை. மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் வந்தன. கெலேரா தன் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள். எதிரில் அவன். பெரியவர் முன்னால் யாரும் தொடாமல் அந்தப் பல்.

மரே அவள் பக்கம் சாய்ந்தார். "இப்ப என்னதான் நடந்துச்சு?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"அப்படிச் சொல்லலாமா?"

"இங்க யாரும் சொல்லி நான் பாத்ததில்ல."

அவளுக்குப் பயமாக இருந்தது. சாப்பாடு முடிந்ததும் அவன் பக்கத்தில் இருக்கும் அந்த வாசலைத்தான் தாண்ட வேண்டும். ஊருக்கு அப்பால் அவர்கள் அடுத்துப் போகிற ஒற்றையடிப் பாதையில் லாரி ஏறாது, சைக்கிள் ஏறும் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு மென்று விழுங்கினாள்.