அந்தக் காட்சி மிகையாம்!

அந்த ஆங்கிலப் படத்தைப் பத்திரிகைக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏழை வீட்டு நிஜ அழுகையை டிவியில் காட்டிப் பேர் வாங்குகிற ஆட்களைப் பற்றிய கேலிப் படம். வார ஏட்டில் எழுதும் சிவகுருநாதன் ஒரு படி மேலே போய்விட்டார். 'புருஷனைப் பறிகொடுத்தவளை மறுபடி அழச்சொல்லி எடுக்கும் காட்சி அப்பட்டமான மிகை. நம் நாட்டில் இதெல்லாம் நடக்குமா?'

பிறை என்ற ஊரில், தொழிற்சாலை கேண்டீனில் அதைப் படித்த புஷ்பராணிக்கு வயிறு எரிந்தது. நடக்குமாவா? மகராசன், யாரைக் கேட்டு எழுதினாராம்? அன்றைக்கே உட்கார்ந்து மூன்று பக்கம் மறுப்பு எழுதினாள். எப்படியும் இது அச்சில் வந்தாக வேண்டும், இல்லையென்றால் அவர் சொன்னதே உண்மையாகிவிடும். தபாலை நம்பாமல் சனிக்கிழமை பெர்ரி ஏறி, கடலுக்கு அக்கரையில் ஜார்ஜ்டவுனில் இருந்த ஏட்டின் ஆபீசுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சிவகுருநாதன் ஒன்றும் கெட்டவரில்லை. உட்காரச் சொல்லி, கோப்பி வரவழைத்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சுண்டிப்போனது.

"பொட்டை மறுபடி வெச்சுக்கச் சொன்னாங்களா?"

"ஆமாண்ணே. அவர் லாரியில அடிபட்டுப் போயி பதினாறாம் நாளு. பொட்டு அழிச்ச பிறகுதான் டிவிக்காரங்க வந்தாங்க. 'திரும்ப வெச்சுக்குங்க லா, அக்கா, அழிக்கிறத எடுக்கணும்'னாங்க. ஏழைங்களுக்கு உதவற நிகழ்ச்சியாச்சே, பிள்ளைங்க படிப்புக்கு ஏதாச்சும் கிடைக்கும்னு வெச்சுக்கிட்டேன். ரெண்டு தடவை அழிச்சாங்க. முதல் தடவை லைட் பத்தலையாம்."

இதுவரை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லும்போது உடம்பு கூசியது. ஆனால் குரல் மட்டும் பிசகவில்லை.

சிவகுருநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் தப்புதான் தங்கச்சி. அடுத்த வாரமே போட்டுடறேன். பேர் மட்டும் வேணாம். 'ஒரு வாசகி'ன்னு போட்டுக்கலாம். உங்க புருஷன் வீட்டு ஆளுங்க இருக்காங்க, நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

பேசுவார்கள்தான். மாமியார் சாமியே ஆடிவிடுவார். அதையெல்லாம் பெர்ரியிலேயே யோசித்து முடித்துவிட்டுத்தான் அவள் படியேறியிருந்தாள்.

"நான் அழுதப்ப டிவியில என் பேரைக் கொட்டை எழுத்துல கீழே போட்டாங்கண்ணே. யாரும் வேணாம்னு சொல்லல. இப்பதான் நான் பேசறேன். இதுக்கும் போடுங்க."

அவர் பேனாவை எடுத்தார்.

"முழுப் பேரும்," என்றாள் புஷ்பராணி.