ஆறு நிமிடம், ஒரு பட்டன்

என் புருஷன் நெவிலுக்குத் தினமும் காலையில் நான்தான் சட்டைப் பட்டன் போட்டுவிடுகிறேன் என்பது எங்கள் சுரங்க ஊரான கிரிம்லியில் ஒருவருக்கும் தெரியாது. பதினோரு வருஷமாக எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்த விஷயம் அது. அதை ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டவள் நான். எழுதியதற்கு இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

நெவில் முப்பத்தொரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் இயந்திரம் பிடித்தவர். அதன் அதிர்வு விரல் நரம்புகளைத் தின்றுவிட்டது. குளிர் பட்டால் பத்து விரலும் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துப் போகும். கையில் இருக்கும் காசு கீழே விழுந்தால் சத்தம் கேட்டுத்தான் அவருக்குத் தெரியும்.

சுரங்கத்தை மூடிப் பல வருஷம் கழித்து, இப்படிக் கை போனவர்களுக்கு அரசாங்கம் நஷ்ட ஈடு தரும் என்று செய்தி வந்தது. பார்ன்ஸ்லி டவுனில் இருந்த ஒரு வக்கீல் அலுவலகம் எங்கள் ஊர் பஸ் நிறுத்தமெல்லாம் விளம்பரம் ஒட்டியது. ஊரே போய்க் கையெழுத்துப் போட்டது. எங்களுக்கு ஆறாயிரத்து நானூறு பவுண்டு வந்தது. அதில் ஆயிரத்து ஐந்நூற்று நான்கு பவுண்டை அலுவலகம் தன் கட்டணம் என்று பிடித்துக்கொண்டது. வக்கீல் என்றால் பிடிக்கத்தான் செய்வார் என்று நாங்களும் விட்டுவிட்டோம். மிச்சத்தில் வீட்டுக்குப் புது பாய்லர் போட்டோம், ஸ்கார்பரோ கடற்கரையில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தோம்.

அதற்கு அடுத்த வருஷம் பக்கத்து வீட்டு கீத் முடி வெட்டிக்கொள்ள வந்தார். கீத் சுரங்கத்துக்குப் போனதில்லை, பால் வண்டி ஓட்டியவர். சனிக்கிழமை சனிக்கிழமை எங்கள் காய்கறித் தோட்டத்தைக் கொத்திக் கொடுப்பார். மாதம் ஒருமுறை நான் அவருக்கு முடி வெட்டிவிடுவேன். துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“மேவிஸ், நெவிலுக்கு வேலைக் காசு எவ்வளவு வந்துச்சும்மா?”

“அது என்ன வேலைக் காசு?”

“கை போனவன் தோட்டம் கொத்த முடியாது, சுவருக்குப் பெயிண்ட் அடிக்க முடியாது, அடுத்தவன்தானே செய்யணும்? அதுக்குத் தனியா ஒரு காசு. என் மச்சானுக்கு ஒம்பதாயிரம் வந்துச்சே. அவன் வக்கீல் ஒரு பென்னிகூடப் பிடிக்கல.”

“பிடிக்கலையா? எங்ககிட்ட பிடிச்சானே!”

“எதுக்குப் பிடிக்கணும்? வக்கீல் பீஸைத்தான் அரசாங்கமே தனியாக் குடுத்துருதே!”

கத்தரிக்கோல் என் கையில் அப்படியே நின்றுவிட்டது. கீத் அந்த வாரம் முழுக்க ஒரு பக்கம் மட்டும் முடியோடு திரிந்தார், பாவம்.

எங்கள் கோப்பின் நகலைக் கேட்டு எழுதினேன். ஏழு வாரம் கழித்து வந்தது. அதில் ஒரு பக்கம், தொலைபேசியில் கேட்டு நிரப்பிய கேள்வித்தாள். தோட்டவேலை, வீட்டுவேலை, உடுத்துவது, இவற்றுக்கு மற்றவர் உதவி தேவைப்படுகிறதா என்று ஒரு கேள்வி. பதில், இல்லை. கீழே, பிறகு தபாலில் அனுப்பி வாங்கிய நெவிலின் கோணல் கையெழுத்து. பேசிய நேரம் நான்கு நிமிடம் என்று மேலே குறித்திருந்தார்கள்.

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. நெவில் நடையில் நின்று போனைப் பிடித்துக்கொண்டு, “அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா, நாங்களே பாத்துக்குறோம்” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தார். கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். அரை மணி நேரம் முன்புதான் நான் போட்டுவிட்டிருந்தேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சுரங்கத்தில் இறங்கின எந்த ஆளும் அப்படித்தான் சொல்வான். பூமிக்கடியில் ஒருத்தன் தடுமாறினால் அடுத்தவன் அவன் வேலையையும் சேர்த்துச் செய்வான், மேலே வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. முகம் தெரியாத ஒரு பெண்ணிடம், எனக்கு என் பெண்டாட்டிதான் சட்டை மாட்டிவிடுகிறாள் என்று எவன் சொல்வான்? எங்கள் ஊரில் மட்டும் முந்நூறு பேர் அந்த அலுவலகத்துக்குப் போனோம். பிறகு வீடு வீடாகப் போய் விசாரித்தேன். நான் கேட்ட அத்தனை பேரும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். இத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னால் கேள்வி கேட்டவர்களுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? இது கௌரவம் பார்க்கிற இடமில்லை, இதற்குச் சட்டத்தில் காசு இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்தாவதாக ஒரு நிமிடம். அதைத்தான் மிச்சம் பிடித்தார்கள்.

நான் புகார் எழுத உட்கார்ந்தேன். நெவில் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார்.

“விடுடி மேவிஸ். நான்தானே இல்லைன்னு சொன்னேன்? கையெழுத்தும் என்னோடது.”

“யோவ், உனக்குக் கை போச்சுன்னுதானே அவங்ககிட்ட போனோம்? கை போனவன் எப்படி எல்லாத்தையும் தானே பாத்துக்குவான்னு அந்தப் படிச்ச மூஞ்சிங்க ஒரு தடவை யோசிக்கக் கூடாதா?”

“யோசிக்கட்டும், யோசிக்காம போகட்டும். ஒரு சின்னப் பய முன்னாடி உக்காந்து, என்னை என் பொண்டாட்டி உடுத்தி விடுறான்னு நான் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்.”

“நீ சொல்லாத. நான் எழுதிக்கிறேன்.”

எழுதினேன். தோட்டம், பெயிண்ட், ஜன்னல், கடைசியில் பட்டன். நகலை மேஜைமேல் வைத்தது என் தப்பு. அதைப் படித்துவிட்டு நெவில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பட்டனே இல்லாத பழைய கம்பளிச் சட்டையைத் தானே தலைவழியாக மாட்டிக்கொண்டு, அதோடேயே தூங்கி அதோடேயே எழுந்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. டால்பி என்ற வக்கீல் கையெழுத்திட்டிருந்தார். ‘திருமதி பீவர்ஸ் பின்னாளில் தரும் விவரம், எங்கள் கட்சிக்காரர் தாமே கையெழுத்திட்டுத் தந்த விவரத்தோடு முரண்படுகிறது. கட்சிக்காரரின் வாக்கையே நாங்கள் நம்ப வேண்டியுள்ளது.’ திருமதி பீவர்ஸ் நான், கட்சிக்காரர் நெவில். நேரில் பேச விரும்பினால் செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வரலாமாம். கூடவே ஒரு ரசீது வேறு. என் புகாரைப் படித்த நேரத்துக்கு இரண்டு அலகு கட்டணம், அலகுக்கு ஆறு நிமிடமாம். திருடன் வந்து கதவு உடைத்த கூலி கேட்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

நெவில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“உன்னைப் பொய் சொல்றவள்னு எழுதியிருக்கான்.”

“அப்படி நேரா எழுதலையே.”

“நேரா எழுதியிருந்தாகூட மரியாதையா இருந்திருக்கும். நான் சொன்ன பொய்யை வச்சு உன்னைப் பொய்க்காரி ஆக்கிட்டான்.” கடிதத்தை மடித்தார். மடிப்பதற்கே வெகுநேரம் பிடித்தது. “நானும் வர்றேன்.”

செவ்வாய்க்கிழமை காலை வெளியே மழையும் பனியும் சேர்ந்து கொட்டின. நெவில் சாவு வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். வழக்கமாக ஜன்னல் பக்கம் நின்று முகவாயைத் தூக்குவார், நான் கீழேயிருந்து போட்டுக்கொண்டே வருவேன். அன்று நான் கையை நீட்டினேன். அவர் ஓர் அடி பின்னால் போனார்.

“வேண்டாம்.”

“யோவ், வெளிய பாத்தியா? செத்துப் போவ.”

“எனக்கு யார் உதவியும் வேண்டாம்னு அவங்க பேப்பர்ல இருக்குல்ல? அப்படியே வர்றேன்.”

கழுத்துப் பட்டன் போடாமல் வாசல் குப்பைத் தொட்டிவரைகூடப் போகாத மனிதர். நான் அடுப்பங்கரைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் கஸ்டர்ட் கிண்டினபோது வைத்திருந்த சிவப்பு மணிக் கடிகாரம் கிடந்தது. திருகிவிட்டால் குறித்த நிமிடத்தில் கிணுகிணுவென்று அடிக்கும். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கோட்டும் திறந்து, சட்டையும் திறந்து, உள்ளே வலைப் பனியன் தெரிய நெவில் பஸ்ஸில் ஏறினார். பஸ் முழுக்க ஊர் ஆட்கள். ஓட்டுநர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன நெவில் அண்ணே, கடல்ல குளிக்கக் கிளம்பிட்டீங்களா?”

“வக்கீலைப் பாக்கப் போறேன்ப்பா. எப்படியும் உரிக்கத்தான் போறான். பாதியை நானே கழட்டிக் கொண்டு போறேன்.”

பஸ்ஸே சிரித்தது. நெவில் சிரிக்கவில்லை. வழியெல்லாம் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டால்பிக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். எழுந்து நின்று கை கொடுத்தார். நெவிலின் விரல்களைத் தொட்டதும் கையைக் கொஞ்சம் சீக்கிரமாக எடுத்துக்கொண்டார். திறந்து கிடந்த சட்டையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, எங்கள் பக்கம் ஒரு தாளைத் தள்ளினார்.

“இந்த விஷயத்தை நல்லபடியா முடிச்சுக்கலாம்னு பாக்குறோம், மிஸஸ் பீவர்ஸ். பிடிச்ச ஆயிரத்து ஐந்நூத்தி நாலு பவுண்டை முழுசாத் திருப்பிக் குடுத்துடுறோம். அந்த ரசீதையும் மறந்துடுங்க. மத்தபடி இனி எந்தப் புகாரும் இல்லைன்னு ஒரு கையெழுத்து மட்டும்.”

“மத்தபடின்னா? வேலைக் காசு பத்தியுமா?”

“அதுல நாங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. உங்க கணவரே இல்லைன்னு சொல்லியிருக்கார்.”

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி எனக்குச் சபலம் தட்டியது. ஆயிரத்து ஐந்நூறு எங்களுக்குச் சின்னக் காசு இல்லை. நெவிலைப் பார்த்தேன். அவர் அந்தத் தாளைப் புறங்கையால் திருப்பித் தள்ளிவிட்டார்.

“தம்பி, எனக்கு உதவி வேண்டாம்னு நான் சொன்னதை நீங்க நம்புறீங்க. என் பொண்டாட்டி சொன்னதை நம்பல.”

“அப்படி இல்ல, மிஸ்டர் பீவர்ஸ்...”

“இருங்க. எனக்கு உதவி வேண்டாம்னா நானே பட்டன் போட்டுக்குவேன். போட்டுக் காட்டுறேன், பாருங்க.”

நான் கைப்பையிலிருந்து சிவப்புக் கடிகாரத்தை எடுத்து, ஆறில் திருகி, அவர் கோப்பின்மேல் வைத்தேன்.

“இது எதுக்கு?” என்றார் டால்பி.

“ஒரு அலகு. நீங்க என் கடுதாசியைப் படிக்க ரெண்டு அலகு எடுத்தீங்கள்ல? அவரைப் பாக்க ஒண்ணு எடுங்க.”

நெவில் கழுத்துப் பக்கத்துப் பட்டனில் தொடங்கினார். விரல் நுனியெல்லாம் வெள்ளை. பட்டன் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது, கழுத்தடியைக் கண்ணும் பார்க்க முடியாது. பிடித்தார், நழுவியது. இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவில் நெரித்துப் பிடித்தார், ஓட்டைவரை கொண்டு போனார், நழுவியது. கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருஷம் பாறையைத் துளைத்த மனிதர், ஒரு சின்ன வெள்ளைப் பட்டனோடு, அந்நியன் ஒருவன் முன்னால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என் கை இரண்டும் தானாக அந்தப் பட்டனை நோக்கிப் போயின. மடியில் அழுத்தி வைத்துக்கொண்டேன். டால்பி முதல் நிமிடம் ஜன்னலைப் பார்த்தார், மூன்றாவது நிமிடம் மேஜையைப் பார்த்தார், ஐந்தாவது நிமிடத்தில்தான் நெவிலின் கையைப் பார்த்தார்.

மணி அடித்தது. ஒரு பட்டன்கூட ஏறவில்லை. காலரில் கொஞ்சம் ரத்தம், நகம் கீறியது. அவருக்கு அது தெரியவும் இல்லை.

டால்பி மேஜையைச் சுற்றி எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது.

“ஐயா, நான்... நான் போட்டு விடட்டுமா?”

“வேண்டாம்ப்பா,” என்றார் நெவில். “அது என் பொண்டாட்டி செய்யற வேலை. பதினோரு வருஷமாச் செய்யறா. அதை எழுதத்தான் வந்திருக்கோம். போய் உக்காந்து எழுதுங்க.”

டால்பி உட்கார்ந்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்தார். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார், கட்சிக்காரர் தம்மால் பட்டன் போட முடியாது என்று சொல்கிறார் என.

“சொல்கிறார்ங்கிறதை அடிங்க,” என்றார் நெவில். “முடியல, நான் என் கண்ணால பாத்தேன்னு எழுதுங்க. முன்னாடி போன்ல கேட்டப்போ, கேள்வியை நாங்க ஒழுங்காக் கேக்கலைன்னும் எழுதுங்க. கீழ உங்க கையெழுத்து. அது இருந்தா வேலைக் காசு கேக்கலாம்.”

பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அந்த வார்த்தையை அடித்தது. அறையில் குளிரடித்தது, நெவிலின் பனியனுக்குள் நெஞ்சு நடுங்குவது எனக்குத் தெரிந்தது. டால்பி கடைசி வரியை எழுதிக் கையெழுத்துப் போடும்வரை நான் ஒரு பட்டனையும் தொடவில்லை.