இறுகிப்போன சாப்பாட்டு டப்பா

காலை ஏழரை மணிக்குச் சண்முகப்பிரியா ஆவி பறக்கும் ரசஞ்சோற்றை டப்பாவில் போட்டு, ரப்பர் வளையம் வைத்த மூடியை அழுத்தி மூடினாள். பழைய டப்பாவில் எறும்பு ஏறுகிறது என்று போன வாரம் வாங்கிய புது டப்பா அது. மாமனார் பாலுசாமியின் மதியச் சாப்பாடு. அவள் வங்கிக்கும், கணவன் தனபால் கணபதி பகுதியில் இருக்கும் தன் பம்பு பட்டறைக்கும் போய்விட்டால், மாலைவரை வீட்டில் பெரியவர் மட்டும்தான்.

மாலையில் சோறு அப்படியே இருந்தது. நான்காவது நாளாக இப்படி. மூடி கொஞ்சம் இறுகியிருந்தாலும், அவளுடைய இளங்கைக்கு ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

“ஏனுங்க, மாமா இன்னைக்கும் தொடலீங்க. எஞ்சமையல் புடிக்கலீன்னா சொல்லிப்போடலாமல்ல?”

“வயசானா வீம்பு வந்துருது. பசிச்சாத் தானாத் திம்பாரு, உடு.”

அடுத்த அறையில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க இருவருக்கும் தோன்றவில்லை. வீம்பு என்று பெயர் வைத்துவிட்டால் விசாரிக்கிற வேலை மிச்சம் அல்லவா!

மறுநாள் மதியம் பட்டறையில் மின்சாரம் போனது. சாப்பிட வீட்டுக்கு வந்த தனபால் வாசலிலேயே பதறிப்போனான். டப்பாவை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு, கரண்டிக் காம்பால் மூடியை நெம்பிக்கொண்டிருந்தார் பாலுசாமி. முகமெல்லாம் வியர்வை, கையில் நடுக்கம். சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையைப் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்து, ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தான்.

“ஏனுங்கப்பா, ஒரு போன் போடக்கூடாதுங்ளா?”

“மூடி தொறக்கலீன்னு பட்டறைக்குப் போன் போட்டா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா கண்ணு? பிஸ்கோத்து தின்னு நாலு நாள் ஓட்டிப்போட்டேன். இன்னைக்கு அதுவும் தீந்துபோச்சு.”

தனபால் ரப்பருக்கு அடியில் நகத்தைக் கொடுத்தான். ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே போனதும் மூடி சாதுவாகக் கையோடு வந்தது. அவனுக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. சூட்டோடு மூடிய ஆவி உள்ளே ஆறித் தண்ணீராகிவிட்டது. உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. “பம்பு தண்ணிய இழுக்கறதில்லீங்க, வெளிக்காத்துதான் அமுத்தித் தள்ளுது” என்று பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பவன் அவன். சொந்த வீட்டில் கோட்டை விட்டிருந்தான். வெட்கமாக இருந்தது. சோற்றைத் தட்டில் போட்டு அப்பாவைச் சாப்பிட வைத்தான்.

மாலையில் விஷயம் கேட்டதும் சண்முகப்பிரியா அழுதுவிட்டாள்.

“இனிமே ஆறவெச்சு மூடறேனுங்க மாமா.”

“ஆறவெச்சா மூடி தொறந்துக்கும், சரி,” என்றான் தனபால். “ஆனா நாம அஞ்சு நாளா டப்பாவத்தான் பாத்தோம், அப்பாவப் பாக்கல. பெத்தவங்களுக்குச் சோறு வெச்சுட்டுப் போனாப் பத்தாது பிரியா. சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கோணும்.”

பாலுசாமி மருமகளைப் பார்த்துச் சொன்னார்: “ரசம் நல்லாருந்துச்சு அம்மணி. நாலு நாளா அதச் சொல்றதுக்குத்தான் வழியில்லாமப் போச்சு.”