பாசிக்கு அடியில்

அரிவாளை இழுத்த கையோடு கிருஷ்ணவேணி நின்றுவிட்டாள். முசரவாக்கம் தாங்கலில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஆகாயத்தாமரையை அறுத்துக் கரைக்குத் தள்ளுவதுதான் அன்றைய நூறுநாள் வேலை. கோரைத் தூரில் சிக்கிக் கிடந்த அழுகல் குவியல் ஒன்றைக் குப்பையென்று நினைத்து அறுத்துவிட்டாள். மேலிருந்த பாசி சரிந்தது. அடியில் நான்கு முட்டைகள், தேநீர்க் கறை ஏறிய நிறத்தில். தொட்டுப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தன.

காலையிலிருந்தே சற்றுத் தள்ளி ஒரு முக்குளிப்பான் முழுகுவதும் எழுவதுமாக இருந்தது. கைக்குள் அடங்கிவிடும் பறவை. அதன் விளையாட்டு என்றே அவள் எண்ணியிருந்தாள். ஆள் அரவம் கேட்டதும் முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டு நழுவியிருக்கிறது. காக்கையை ஏய்க்கிற அந்த மூடல் தன் கண்ணையும் ஏய்த்துவிட்டது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பிடிப்பு அறுந்த கூடு காற்றில் கரைப்பக்கம் மிதக்கத் தொடங்கியது. கரையில் நாய்கள் படுத்திருந்தன. அவள் பாசியை அள்ளி மூடினாள். தலைத்துண்டைக் கிழித்து, மிச்சமிருந்த தூரோடு கூட்டைக் கட்டினாள். அலைக்கு மறைப்பாகச் சுற்றிலும் ஒரு பாய் அகலத்துக்கு ஆகாயத்தாமரையை விட்டுவைத்தாள்.

வேலையைப் பார்த்துக்கொள்ளும் ஜெயப்ரியா கரையில் செல்போனோடு நின்றாள்.

"அக்கா, அந்தப் பச்சையையும் இழுத்துடுங்க. போட்டோல தண்ணிதான் தெரியணும். இல்லன்னா வேல முடியலன்னு சொல்லி எல்லார் கூலியும் நிறுத்திடுவாங்க."

"இத்த இழுக்க மாட்டேம்மா. முட்ட இருக்குது."

பக்கத்தில் நின்ற அலமு சிரித்தாள். "கோழி முட்டன்னாலாச்சும் கொழம்புக்கு ஆவும். நீயே ஏறி அடை காக்கப்போறியாடி?"

"அறுத்தது நானு. நான்தான் பாத்துக்கணும்."

"பாத்துக்கோ. அதுக்கு எங்க கூலி இன்னா பாவம் பண்ணுச்சு?"

அலமு கேட்டதில் தப்பில்லை. கிருஷ்ணவேணி கரையைப் பார்த்தாள், கூட்டைப் பார்த்தாள், வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தாள். நெடுஞ்சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு போயின.

"ஜெயப்ரியா, நாங்க மேல ஏறல. இந்தப் பச்சைய மறைச்சுக்கிட்டு தண்ணியிலயே நின்னுக்கிறோம். அப்படியே எடு."

ஜெயப்ரியா செல்போனை உயர்த்தினாள். "ஓரத்துல பச்ச தெரியுது. அலமுக்கா, கொஞ்சம் லெப்ட்ல வாங்க."

"நல்லா இருக்குது கூத்து. குருவிக்குப் பிரசவம் பாக்க வந்த மாதிரி," என்று முணுமுணுத்துக்கொண்டே அலமு நகர்ந்தாள். நகர்ந்தவள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, முடிந்தவரை அகலமாக நின்றுகொண்டாள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் கிருஷ்ணவேணி கரையில் ஈரச்சேலையோடு நின்றாள். நாய்களை ஏற்கனவே விரட்டியாயிற்று. தாங்கலின் நடுவில் முக்குளிப்பான் தலையை நீட்டியது. கூட்டைப் பார்த்தது. முழுகியது. அவள் அது எழும் இடத்தைத் தேடினாள். எங்கும் எழவில்லை. ஆகாயத்தாமரைக்கு அந்தப்புறம், கூட்டின் ஓரம் மட்டும் ஏதோ பாரம் ஏறியதுபோல் மெல்லத் தண்ணீருக்குள் அமிழ்ந்தது.