மெதுவானது முதலில்

நானும் அண்ணனும் இருபத்தாறு வருடங்களாக எல்லாத் தகராறுகளையும் ஒரே வழியில்தான் தீர்த்துக்கொள்கிறோம்: கையடக்க வீடியோ கேமில் மிருகங்களை மோதவிட்டு. யார் குப்பையைக் கீழே கொண்டுபோவது, உடைந்த கண்ணாடியைப் பற்றி அம்மாவிடம் யார் சொல்வது, அப்பா போன பிறகு அவருடைய கைக்கடிகாரம் யாருக்கு, எல்லாம். எனக்கு இப்போது முப்பத்தெட்டு வயது, அவனுக்கு நாற்பத்தொன்று. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சொத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைகிற குடும்பங்களைவிட எங்கள் வீட்டில் சத்தம் குறைவு.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் தன் மிருகம் என்ன செய்ய வேண்டும் என்பதை இருவரும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். எதிராளி எதை அழுத்தினார் என்று தெரியாது. இருவரும் அழுத்திய பிறகுதான் ஆட்டம் நகரும். எந்த மிருகத்துக்கு வேக எண் அதிகமோ அது முதலில் அடிக்கும். அந்த அடியில் மற்றது விழுந்துவிட்டால், அது அடிப்பதாக இருந்த அடி அவ்வளவுதான், காற்றோடு போயிற்று. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இதுதான் கதி. வேகம் சமமாக இருந்தால் விளையாட்டே உள்ளுக்குள் காசு சுண்டி முடிவு செய்துகொள்ளும்.

பேருந்துப் பணிமனையில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. யார் முன்னால், யார் பின்னால் என்று நாள் முழுக்க யோசித்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதையே விளையாடுகிறாயே என்று அம்மா கேட்பாள். அம்மாவுக்குப் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

அண்ணனிடம் இருப்பது ஒரு பறவை. பெயர் தந்தி. வேகம் நூற்றுப்பன்னிரண்டு. சின்ன வயதிலிருந்து அதை மட்டுமே வளர்த்துக்கொண்டிருக்கிறான். கருவி மாறும்போதெல்லாம் புதிய கருவிக்கு அதையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். என்னுடையது பாறை போல முதுகு கொண்ட ஒரு ஜந்து. வேகம் முப்பத்தொன்று. நாற்காலியிலிருந்து எங்கள் பெரியப்பா எழுந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் அதற்குப் பெரியப்பா என்று பெயர் வைத்தேன் என்பது புரியும். இரண்டில் எது முதலில் அடித்தாலும் மற்றது ஒரே அடியில் விழும். அதனால் தந்தியின் அடி குறி தவறுகிற ஓரிரு முறை தவிர, பத்துக்கு எட்டு முறை அண்ணன்தான் ஜெயிப்பான். குப்பையை அதிகம் சுமந்தவள் நான்.

போன வருடம் அம்மாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒன்பது மாதத்தில் அம்மா பாதியாகிவிட்டாள். இதற்கு மேல் இழுத்தால் இதயம் தாங்காது, மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் ஆள் தேறுவார் என்று மருத்துவர் சொன்னார். "யாரோடதும் எனக்கு வேண்டாம்" என்று எங்கள் முன்னால் கறாராகச் சொன்ன அம்மா, நாங்கள் வெளியே வந்ததும் ஆபரேஷன் முடிந்து எத்தனை நாளில் நடக்கலாம் என்று நர்ஸிடம் விசாரித்தாளாம். நர்ஸ்தான் எங்களிடம் சொன்னார்.

பரிசோதனையில் என்னுடையதும் பொருந்தியது, அண்ணனுடையதும் பொருந்தியது. இருவரும் ஆரோக்கியம். மருத்துவரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்றார். யார் கொடுப்பது, யார் மாற்று ஆளாக நிற்பது என்று நீங்களே பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள், அதன் பிறகு ஆஸ்பத்திரியின் உறுப்புதான ஒருங்கிணைப்பாளர் இருவரையும் தனித்தனியாகப் பார்ப்பார் என்று அனுப்பிவிட்டார். அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள், எனக்கு யாரும் இல்லை. அந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததாலேயே அது அறை முழுக்க உட்கார்ந்திருந்தது.

"ஆடிடலாமா?" என்று அண்ணன்தான் கேட்டான்.

"தோத்தவங்க குடுக்கணுமா?"

"சேச்சே. அம்மாவுக்குக் குடுக்கிறது தண்டனையா? ஜெயிச்சவங்க குடுக்கலாம்."

நன்றாகத்தான் பேசினான். கண்கூட லேசாகக் கலங்கியது. ஜெயித்தவர்தான் கொடுக்க வேண்டும் என்றால் பத்துக்கு எட்டு அவன்தானே? எனக்கு அவன்மேல் பெருமையாக இருந்தது. அதே நேரம் விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. பிள்ளைக்குட்டிக்காரன் படுத்துக்கொள்ள, நான் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? ஜெயிப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்கு ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு மிருகத்திடமும் ஒரு பொருளைக் கொடுத்து அனுப்பலாம். எதிராளிக்கு அது தெரியாது. அதில் தலைகீழ் மணி என்று ஒன்று உண்டு. இருவரும் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு அந்த மணி ஒலிக்கும். ஒலித்தால் அந்தச் சுற்றில் வரிசை தலைகீழாகிவிடும்: மெதுவானது முதலில், வேகமானது பிறகு. சுலபமாகக் கிடைக்கிற பொருள் இல்லை. பத்து நாள் சாப்பாட்டு இடைவேளையில் பணிமனை மாடிப்படியில் உட்கார்ந்து தேடி, ஆட்டத்துக்கு முதல் நாள் மதியம்தான் கிடைத்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. முப்பத்தொன்றுக்கு எதிரே நூற்றுப்பன்னிரண்டு. தந்தியால் இனி என்ன செய்ய முடியும்?

அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆடினோம். அண்ணி வேலைக்குப் போயிருந்தார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மேசை விரிப்பை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கருவிகளையும் இணைத்தோம். அவன் தந்தியை அனுப்பினான், நான் பெரியப்பாவை அனுப்பினேன். இருவரும் அழுத்தினோம்.

மணி ஒலித்தது. திரையில் எழுத்து வந்தது: வரிசை தலைகீழாகிறது.

"ஐயோ" என்றான் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த நொடி தந்தி சிறகை விரித்து வந்து ஒரே போடாகப் போட்டது. பெரியப்பா விழுந்தார். ஆட்டம் முடிந்தது.

சில நொடிகள் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அப்புறம்தான் கணக்கு வந்தது. மெதுவானது முதலில் என்றால், தந்தி பெரியப்பாவைவிட மெதுவாக இருந்திருக்கிறது. அதாவது முப்பத்தொன்றுக்கும் கீழே. வேகத்தைக் கால்வாசியாக்குகிற பொருள் ஒன்றே ஒன்றுதான், ஈயக்குண்டு. நூற்றுப்பன்னிரண்டில் கால்வாசி இருபத்தெட்டு. காலில் குண்டைக் கட்டி அந்தப் பறவையை அனுப்பியிருக்கிறான். எதற்கு? பெரியப்பா முந்தட்டும் என்றுதான். வேறு மிருகத்தை இறக்கினால் சந்தேகம் வரும், உப்புச்சப்பில்லாத அடியைத் தேர்ந்தெடுத்தால் திரையிலேயே தெரிந்துவிடும். குண்டு மட்டும்தான் வெளியே தெரியாது. தோற்றுவிடலாம், மானமும் மிஞ்சும். என் மணி மட்டும் ஒலிக்காமல் இருந்திருந்தால் அவன் நினைத்ததுதான் நடந்திருக்கும்.

அண்ணன் ஆடு திருடியவன் மாதிரி முழித்தான்.

"எப்படிண்ணா முந்தின?" என்றேன்.

"நீ மணியோட வருவேன்னு மோப்பம் பிடிச்சுட்டேன்" என்றான். "அதான் குண்டு கட்டி விட்டேன்."

மோப்பம் பிடித்தவன் எதற்கு ஐயோ என்றான் என்று நான் கேட்கவில்லை. "கில்லாடிதான்" என்று சொல்லிவிட்டு, மேசை விரிப்பைப் பழையபடி விரித்தேன். மடிப்பு நேராக வரும்வரை மூன்று முறை இழுத்துவிட்டேன். கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை, அவன் வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கிளம்புகிற கோபம். மறுநாள் இரண்டு வண்டிகளை ஒரே நேரத்துக்கு ஒரே தடத்தில் போட்டுவிட்டேன். ஓட்டுநர்கள் இருவரும் வந்து என்னைக் கிழி கிழி என்று கிழித்தார்கள்.

அண்ணன் கொடுக்கப்போகிறான் என்று அம்மாவிடம் சொன்னோம். அம்மா அவன் தலையைத் தடவினாள். "பயப்படாதடா" என்றாள். அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதையே மேசையில் தேடுகிற பெண்மணி. மாற்று ஆள் என்பதால் என்னை முதலில் உள்ளே அழைத்தார். வேலை, தூக்கம், குடிப்பழக்கம் எல்லாம் கேட்டார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"இதை எல்லார்கிட்டயும் சொல்லணும்னு எங்களுக்கு விதி. உங்களுக்கு மனசில்லைன்னா இங்கேயே, இப்பவே சொல்லிடலாம். வீட்ல யாருக்கும் காரணம் தெரியாது. உடம்பு ஒத்துவரலைன்னு மட்டும் நாங்க சொல்லிடுவோம். யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துறாங்களா?"

"இல்லைங்க."

"பயமா இருக்கா?"

"நான் மாற்று ஆள்தானே?" என்றேன். அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

பிறகு அண்ணன் போனான். அம்மா மேல் மாடியில் இயந்திரத்தோடு படுத்திருந்தாள். நான் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே ஒருங்கிணைப்பாளர் இப்போது கதவைப் பார்ப்பார், இப்போது குரலைத் தணிப்பார் என்று நினைத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கதவைத் திறந்துகொண்டு வந்தவன் என் பக்கத்தில் உட்காராமல் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான்.

"எனக்கு ஒத்துவராதாம்" என்றான். "ரத்த அழுத்தம் ஏறி இறங்குதாம்."

"சரி."

"நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

"சரிண்ணா."

இடையிலிருந்த நாற்காலியில் நான் வைத்திருந்த என் மருத்துவக் கோப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதன் மூலையை மடித்து மடித்து நிமிர்த்தினான். துடைப்பத் தள்ளுவண்டியோடு ஒருவர் எங்கள் கால்களைத் தூக்கச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் தூக்கினோம், இறக்கினோம்.

"உனக்குத் தெரியும்ல?" என்றான்.

"தெரியும்."

"எதுன்னு கேக்க மாட்டியா?"

"ரெண்டும் தெரியும். குண்டு அன்னைக்கே. இது, நீ கதவைத் திறந்தப்ப."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நாற்பத்தொரு வயது ஆள், காது மடல் சிவந்து, அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல? நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்ல."

"திட்டத்தான் நினைச்சேன். வண்டியில போகும்போது வசனமெல்லாம் தயார் பண்ணேன்." கதவைப் பார்த்தபடியே சொன்னேன். "ஆனா அன்னைக்குப் பெரியப்பா விழுந்தவுடனே எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கணக்குப் போடறதுக்கு முன்னாடி, நீ குண்டு கட்டினது தெரியறதுக்கு முன்னாடி? அப்பாடான்னு இருந்துச்சுண்ணா. அப்பாடா, நான் இல்லைன்னு. எந்த வாயால உன்னைத் திட்டறது?"

அண்ணன் அழுதான். நானும் அழுதேன். ஒரு நாற்காலி இடைவெளியை இருவரும் தாண்டவில்லை.

கதவு திறந்தது. ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்து, "நீங்க ஒரு நிமிஷம் மறுபடி வர்றீங்களா?" என்றார். கண்ணாடி இன்னும் தலைமேல்தான் இருந்தது.

நான் எழுந்தேன். அண்ணன் கோப்பை விடாமல் பிடித்துக்கொண்டான்.

"உனக்கும் பயமா இருந்தா நீயும் சொல்லிடு" என்று மெதுவாகச் சொன்னான். "உன்கிட்டயும் சொன்னாங்கல்ல? யாருக்கும் தெரியாது. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"நானும் சொல்லிட்டா, அப்புறம் அம்மாவுக்கு யாருண்ணா இருக்கா?"

அவன் கையிலிருந்து கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.