ஒரு சைஸ் பெரிசு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. சங்கமித்ரா குனிந்து உள்ளே போய்விட்டாள். அவளுடைய அப்பா கோவிந்தப்பா நடைபாதையிலேயே நின்றார். குனியும்போது மகளின் இடது கை உடம்போடு ஒட்டியிருந்ததைப் பார்த்தார். அந்தக் கை இனி முழுசாக நீளாது. முக்கால்வாசியில் நின்றுவிடும். வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீளும் என்று சொல்லவில்லை.

வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவி காந்தா வாசல் வரைக்கும் வந்தாள்.

“போற இடத்துல வாயத் தொறக்காத. அவளே பாத்து எடுக்கட்டும்.”

“நான் இன்னா சொல்லப்போறேன்?”

“போன தடவ இன்னா சொன்னே?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஆஸ்டின் டவுனிலிருந்து ஆட்டோவில் வரும் வழியெல்லாம் மகள்தான் பேசினாள்.

போன தடவை வந்ததும் இதே கடைக்குத்தான். அவள் பைக் வாங்கியிருந்த வாரம். தார் ரோட்டிலும் ஓடும், கல்லிலும் மண்ணிலும் ஏறும் என்று தேடி வாங்கிய உயரமான பைக். அதற்கு ஏற்ற ஜாக்கெட் வேண்டும் என்றாள். கடைக்காரர் முகேஷ் மீடியம் சைஸ் எடுத்துக் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

“புடிச்சாப்ல இருக்கே” என்று கோவிந்தப்பா ஆரம்பித்தார்.

“இது சட்டை இல்ல அங்கிள். புடிச்சாப்லதான் இருக்கணும்.”

“தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கவுண்டர்ல நின்னவன். குளிர்ல உள்ள ஸ்வெட்டர் போட வேணாமா?”

அது வெறும் பேச்சு இல்லை. சிவாஜிநகரில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் விற்கும் கடையில் தலை நரைக்கும் வரை நின்றவர் அவர். எந்தப் பிள்ளை வந்தாலும் ஒரு சைஸ் பெரிசாகத்தான் எடுத்துப் போடுவார். அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் தாய்மார்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். சங்கமித்ராவும் அப்படி வளர்ந்தவள்தான். மடித்துத் தைத்த பாவாடை, முனையில் பஞ்சு அடைத்த ஷூ. அன்றைக்கு அவள் கண்ணாடியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், லார்ஜ் எடுத்துக்கொண்டாள்.

கோலார் பக்கம் ஓர் ஏரிக்கரைப் பாதையில் சரளைக்கல் வழுக்கி விழுந்தாள். பெரிய வேகம் இல்லை. கூடப் போன சிநேகிதி மமதாவும் அங்கேயேதான் விழுந்தாள். மமதா எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். சங்கமித்ராவுக்கு இடது முழங்கை உடைந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மமதாதான் அவரிடம் சொன்னாள்.

“ஜாக்கெட் கிழியவே இல்ல அங்கிள். முழங்கைல உள்ள ஒரு தடுப்பு வெச்சிருப்பாங்க, ஆர்மர்னு. அது சுத்திப் போயிடுச்சு. ஜாக்கெட் கை லூசா இருந்துச்சு போல. எலும்பு நேராக் கல்லுல அடிச்சிடுச்சு.”

சைஸை எடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. கோவிந்தப்பா தலையை ஆட்டினார்.

அதைப் பற்றி அவர் மகளிடம் இன்றுவரை பேசவில்லை. மகளும் பேசவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று குளிக்கும்போது நினைத்திருந்தார். சைஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. தப்பு என்னுது என்று மட்டும் சொல்லிவிட வேண்டும்.

ஷட்டர் முழுசாக ஏறியது. அவர் உள்ளே போனார்.

முகேஷ் மகளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் மேடம், என்னாச்சு?”

“விழுந்துட்டேன். போன தடவ நான்தான் பெரிசா எடுத்துட்டேன். நீங்க அப்பவே சொன்னீங்க.”

முகேஷ் நிமிர்ந்து கோவிந்தப்பாவைப் பார்த்தார். மறந்தவர் பார்க்கும் பார்வை இல்லை அது. பிறகு மீடியம் சைஸ் ஜாக்கெட் எடுக்கப் போனார்.

கோவிந்தப்பா வாயைத் திறந்தார்.

“கொஞ்சம் ஃபேனப் போடு தம்பி” என்பதுதான் வந்தது.

மகள் முதலில் இடது கையை நுழைத்தாள். பாதியில் சிக்கியது. அவர் ஓர் அடி முன்னால் வந்தார். அதற்குள் அவளே தோளைக் குலுக்கி உள்ளே தள்ளிவிட்டாள். மணிக்கட்டில் பட்டையை இழுத்து ஒட்டிக்கொண்டாள். கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

“நின்னு பாக்காதீங்க மேடம். நிக்கறப்போ எல்லாமே சரியாத்தான் தெரியும். வண்டி மேல ஏறுங்க.”

கடை நடுவில் பார்வைக்கு நிறுத்தியிருந்த பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். வலது கை ஹேண்டிலைப் பிடித்தது. இடது கை எட்டவில்லை. உடம்பை முன்னால் தள்ளிப் பிடித்தாள்.

“ஹேண்டிலை ஸ்வல்ப கிட்ட இழுத்து வெச்சுக்கலாம். ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றார் முகேஷ்.

“வெச்சுக்கலாம்.”

“இப்ப கல்லு ரோட்டுல போற மாதிரி எழுந்து நில்லுங்க. நான் வண்டியப் புடிச்சுக்கிறேன். அங்கிள், நீங்க வாங்க. முழங்கையப் புடிச்சுத் திருகிப் பாருங்க. ஆர்மர் அசையக் கூடாது.”

கோவிந்தப்பா அந்த இடது முழங்கையைப் பிடித்தார். உள்ளே கெட்டியான கிண்ணம் ஒன்று எலும்பைக் கவ்விக்கொண்டிருந்தது. மெல்லத் திருகினார். அசையவில்லை.

“நல்லாத் திருகுங்க அங்கிள். ரோடு இப்படியா திருகும்?”

“வலிக்கும் அவளுக்கு.”

“வலிக்கலப்பா. திருகு.”

பலம் கொடுத்துத் திருகினார். கிண்ணம் இருந்த இடத்திலேயே இருந்தது. கை மட்டும் அவர் பிடியில் வளைந்தபடி நின்றது. அதை எந்தப் பக்கம் இழுத்தாலும் நிமிராது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை.

மேலேயிருந்து மகள் சிரித்தாள். “இதுக்குள்ள ஸ்வெட்டர் போடவே முடியாது போலிருக்கே.”

முகேஷும் சிரித்தார். கோவிந்தப்பா சிரிக்கவில்லை.

“மித்ரா. அன்னைக்கி நான் சும்மா இருந்திருந்தா…”

“நானும்தான் வேணாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. உன் பேச்ச எப்ப நான் தட்டினேன்?”

முகேஷ் பைக்கின் டேங்கைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

ஜாக்கெட் தோளில் சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. முதுகில் ஒட்டியிருந்தது. கையில் ஒரு விரல் நுழைய இடமில்லை. கவுண்டரில் நின்ற காலமாக இருந்தால் இதைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த சைஸை எடுத்திருப்பார். அவர் கண்ணுக்கு இப்போதும் அது சிறிசாகத்தான் தெரிந்தது.

அவள் பைக்கின் மேல் நின்றபடியே குனிந்து அவரைப் பார்த்தாள். அவர் கை இன்னும் அவள் முழங்கையில் இருந்தது.

“இப்ப நீயே சொல்லுப்பா. சரியா இருக்கா?”